இரண்டு கையிலும் பை

பைச் சாமி! நீங்கள் போய்விட்ட சேதி எனக்குத் துறைமுகக் கிடங்கில் வந்தது. கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டின கோதுமையைச் சலித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாத்துமாக்கா காவல்காரனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மூச்சு வாங்க நின்று, "மேரி, பைச் சாமி பூட்டாராம்மே. ஆஸ்பத்திரிலருந்து இப்பத்தான் ஆள் வந்துச்சு" என்றாள். நான் சல்லடையைக் கீழே வைக்கவில்லை. அதில் இருந்ததைச் சலித்து முடித்து, கல்லை ஒரு பக்கம், தூசியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். "அழுதுடும்மே, நெஞ்சு அடைச்சிக்கும்" என்றாள் பாத்துமாக்கா. அழுகை வரவில்லை. என் மகள் புஷ்பத்துக்கு இதை எப்படிச் சொல்வது என்ற யோசனைதான் வந்தது.

இதைக் கேட்கிற நீங்கள் எல்லாரும் சாமியாரோடு பழகினவர்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் படித்தவர்கள் அவரைப் பற்றிப் பேசுவார்கள். உபதேசியார் சூசை என்னிடம் வந்து, "நீயும் நாலு வார்த்தை எழுதிக் குடும்மா. கடைசி வரைக்கும் அவரோட நடந்தது உம் பொண்ணுதானே. அது சொல்லாது, நீ சொல்லு" என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். ஆனாலும் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கோயில் பலகையில் அவர் பெயர் நீளமாக எழுதியிருந்தது. ஜெர்மன் பெயர், நம் வாயில் நுழையவில்லை. சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு இராயபுரத்துக்கு வந்தார். கப்பலை விட்டு இறங்கும்போதே இரண்டு கையிலும் பை. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, ஊர் விட்டு ஊர் வருகிறவர் மூட்டையோடுதானே வருவார். ஆனால் ஒரு மாதம் கழித்தும், ஒரு வருஷம் கழித்தும் அவர் தெருவில் நடந்தால் இரண்டு கையிலும் பை இருந்தது. ஒன்று கித்தான் பை. அதில் ஜெபப் புத்தகம், சாகக் கிடக்கிற அவஸ்தைக்காரர்களுக்குப் பூசுகிற எண்ணெய். இன்னொன்று சாக்குப் பை. அதில் யாருக்காவது மருந்து பாட்டில் இருக்கும், யாராவது கொடுத்த வாழைக்காய் இருக்கும். குடை கக்கத்தில் இருக்கும். "தோத்திரம் சாமி" என்று ஆசீர்வாதம் கேட்டால் மட்டும் ஒரு பையைக் கீழே வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, உடனே எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் பைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் அதட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டோம்.

ஒரு நாள் உபதேசியார் அந்தச் சாக்குப் பையை எட்டிப் பார்த்துவிட்டார். உள்ளே ஒரு செங்கல் மட்டும் கிடந்தது. கொண்டுபோக ஒன்றும் இல்லாத நாளில் செங்கல்லைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். உபதேசியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா சாமி, வூடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். சாமியாரும் சிரித்தார். "கனம் இல்லாவிட்டால், பை இருப்பதைக் கை மறந்துபோகும்" என்றார். அவர் தமிழ் அப்படித்தான் இருக்கும். புத்தகத்தில் படித்த தமிழ். நம் பேச்சு அதில் பிறகுதான் வந்து கலந்தது.

அவருக்குத் திமிர் என்று ஒரு பேச்சு ஊரில் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நம் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று பினாங்குக்குக் கப்பல் ஏறியபோது தெருவே துறைமுகத்தில் நின்றது. கப்பல் நகர்ந்ததும் எல்லாரும் கை ஆட்டினோம், கைக்குட்டை ஆட்டினோம், சிலர் முந்தானையைக்கூட ஆட்டினார்கள். சாமியார் மட்டும் இரண்டு பையோடு மரம் மாதிரி நின்றார். கப்பலிலிருந்து அந்த வீட்டுப் பெரியவர் அவரைப் பார்த்தே கை ஆட்டினார். இவர் அசையவில்லை. திரும்பி வரும் வழியில் உபதேசியார், "இன்னா இருந்தாலும் வெள்ளத்தோலுப்பா" என்று முணுமுணுத்தார். என் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவர், எதையும் கேலியாகத்தான் பேசுவார். "அவரு ரெண்டு கையும் ரொம்பிக் கீது, இன்னா பண்ணுவாரு? காலத் தூக்கி ஆட்டச் சொல்றியா நைனா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் ரயிலடியிலும் அவர் அப்படித்தான் நின்றார் என்று பிறகு சொன்னார்கள். போகிறவர்களுக்கு வாயால் ஜெபம் சொல்வார், கையை மட்டும் தூக்க மாட்டார்.

என் மகள் புஷ்பத்தை உங்களில் பலருக்குத் தெரியும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, போகிற வழியில் மாட்டு வண்டியில் பிறந்தவள். பிறந்ததும் அழவில்லை. பிறகு பேச்சும் வரவில்லை. நடப்பாள், சிரிப்பாள், சோறு பிசைந்து வைத்தால் சாப்பிடுவாள். தனியாக விட முடியாது. அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, போகிற வண்டிக்கெல்லாம் கை ஆட்டுவது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. சரக்கு ரயில், லாரி, குதிரை வண்டி, எது போனாலும் அவள் கை மேலே போய்விடும். டிரைவர்கள் பதிலுக்கு ஆட்டினால் அன்றைக்கெல்லாம் சிரித்த முகம்தான்.

சாமியார் முதல் தடவை அவளைப் பார்த்தது அந்தக் கேட்டில்தான். சாயங்காலம், சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த இரண்டு பையையும் மண்ணில் போட்டுவிட்டு ஓடி வந்தார். புஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் வீறிட்டாள். நான் வீட்டிலிருந்து ஓடினேன். சாமியார் என்றுகூடப் பார்க்கவில்லை. "இன்னா சாமி, எம் பொண்ணு உங்கள இன்னா பண்ணுச்சு? கைய வுடுங்க! அது கை ஆட்டினா உங்களுக்கு இன்னா கொறைஞ்சு பூடுது?" என்று கத்தினேன். தெரு கூடிவிட்டது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கையை விட்டுவிட்டு, "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார். பைகளை எடுத்துக்கொண்டு போனார். பாத்துமாக்கா என் தோளைத் தட்டி, "சாமியாரையே மெரட்டிட்டியேடி, உன்ன எந்த சொர்க்கத்துல சேப்பாங்க?" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ரயில் நேரத்துக்குச் சாமியார் கேட்டுக்கு வந்தார். புஷ்பம் பக்கத்தில் நின்று, கித்தான் பையின் பிடியை அவள் கையில் கொடுத்தார். ரயில் வந்தது. அவள் பையை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையை ஆட்டினாள். மறுநாள் சாக்குப் பையையும் கொடுத்துப் பார்த்தார். இப்போது அவளுக்கு இரண்டு கையிலும் பை. இவருக்கு இரண்டு கையும் காலி. காலிக் கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, பின்னால் கட்டிக்கொண்டார், அங்கிக்குள் விட்டுக்கொண்டார். கடைசிப் பெட்டியில் நின்ற ரயில் கார்டு கை ஆட்டினதும் புஷ்பம் இரண்டு பையையும் தொப்பென்று போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினாள். கேட்டை மூடித் திறக்கிற கேட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாமியார் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சில வருஷம் எங்களுக்குக் கஷ்டமாகப் போனது. புஷ்பம் வளர்ந்துவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனால் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். பாத்துமாக்கா ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுப்பாள். ஒரு நாள் புஷ்பம் எப்படியோ வெளியே வந்து தண்டவாளத்தில் நின்றுவிட்டாள். கேட்காரர் இழுத்துப் போட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. உபதேசியார் விசாரித்துச் சொன்னார், பூந்தமல்லி ரோட்டில் போனால் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லம் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறார்கள், சோறு துணி எல்லாம் அவர்களே. சரி என்றோம். நானும்தான் சரி என்றேன். எனக்கு உடம்பு அவ்வளவு அலுத்திருந்தது.

வேன் வந்த காலை, சாமியார் எண்ணூரில் உப்பளத்துக்காரர்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அவருக்கு இந்த விஷயமே தெரியாது. புஷ்பம் அதுவரை மோட்டார் வண்டியில் ஏறினதில்லை. வேனில் உட்கார வைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் தலையை நீட்டித் தெருவுக்கே கை ஆட்டினாள். தெருவில் எல்லாரும் ஆட்டினார்கள். பாத்துமாக்கா அழுதுகொண்டே ஆட்டினாள். நானும் கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் தெரு முனையில் சாமியார் வந்தார். பார்த்தார். இரண்டு பையும் கீழே விழுந்தன. எண்ணூர்க்காரர்கள் கொடுத்த முட்டைகள் உடைந்து மண்ணில் ஓடின. அவர் வந்து வேனுக்கு முன்னால் நின்றுகொண்டார். டிரைவர், "யோவ் சாமி, ஓரமா நில்லு, நேரமாவுது" என்றான். இவர் நகரவில்லை. "இந்தப் பிள்ளையோடு யார் போகிறார்கள்?" என்று கேட்டார். யாரும் போகவில்லை என்றார் உபதேசியார். "சாமி, இது தர்ம காரியம். நல்ல எடம். தெருவுல நின்னு பேஜாரு பண்ணாதீங்க" என்று கெஞ்சினார். சாமியார் காதில் வாங்கவில்லை. "அப்படியானால் நான் போகிறேன்" என்று கதவைத் திறந்து ஏறி, புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஏறினதைப் பார்த்து நானும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது அந்த வேனில் அவர் சொன்னதுதான். அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அம்மா, எங்கள் நாட்டில் நாஜிகள் என்று ஒரு கூட்டம் ஆட்சிக்கு வந்தது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கடவுளுக்குத் தோத்திரம் என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அதை விட்டுவிட்டு, வலது கையை நீட்டித் தங்கள் தலைவன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்லாதவனைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். நான் சிறிய ஊரின் பங்குச் சாமியார். ஒரு கையில் பால் தூக்கு, ஒரு கையில் முட்டைக் கூடை. கை நிறைந்திருப்பவனை என்ன செய்வார்கள்? ஊர்ப் பெண்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வாங்க ஒன்றும் இல்லாத கடைத்தெருவில் எல்லாரும் இரண்டு கூடையோடு நடந்தார்கள். போலீஸ்காரன் என்னை நிறுத்தி, கூடையைக் கீழே வை என்றான். வைத்தால் முட்டை உடையும் என்றேன். எனக்கு அதில் பெருமை இருந்தது அம்மா. இந்தக் கை எழும்பவில்லை என்ற பெருமை."

அவர் சொல்லச் சொல்ல, புஷ்பம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் கை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கள் ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. இவளைப் போன்ற பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு நாள் அரசாங்கத்துப் பேருந்து வந்தது. வேறு நல்ல இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் சாயம் பூசியிருந்தது. அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். உலாப் போகிறோம் என்று நினைத்தார்கள். ஏறும்போது திரும்பி எனக்குக் கை ஆட்டினார்கள். நான் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கை ஆட்டினேன். கதவு மூடும்வரை ஆட்டினேன்."

மிச்சத்தையும் அவரே சொன்னார். சில வாரத்தில் பிள்ளைகளின் சட்டைகள் மட்டும் திரும்பி வந்தன. வீடுகளுக்குச் சாம்பல் வந்தது. காய்ச்சல் என்றார்கள். ஒரே வண்டியில் போன அத்தனை பிள்ளைகளுக்கும் எப்படிக் காய்ச்சல் வரும்? வேலைக்கு உதவாத உயிர்கள் என்று கணக்குப் போட்டுக் கொன்றிருக்கிறார்கள். அந்தப் பேருந்து இரண்டாம் முறை வந்தபோது இவர் வழியில் நின்றார். இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வண்டி போய்விட்டது. அடுத்த ஞாயிறு பூசையில், போன பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இவர்கள் நோயில் சாகவில்லை, கொல்லப்பட்டார்கள். கொன்றது நம் அரசாங்கம்" என்று பிரசங்கம் வைத்தார். கோயில் நிறைய ஜனம். ஒருவர்கூட இருமவில்லையாம். மறுநாள் அவரைப் பிடித்துப் போனார்கள். சண்டை முடிகிறவரை சிறைமுகாம். கடைசிவரை அவரை விடாத மார்ச்சளி அங்கே பிடித்ததுதான். அந்த வாரத்தில் சில தாய்மார் இல்லத்துக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள் என்பது, முகாமுக்குப் புதிதாக வந்த ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

"பேசினதற்காக என்னைப் பெரிய ஆள் என்கிறார்கள்" என்றார். "தூக்கச் சொன்ன இடத்தில் நான் கையைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாத இடத்தில் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான் அம்மா என் கதை."

பூந்தமல்லி ரோட்டு இல்லம் நல்ல இடம். அதைச் சொல்லாவிட்டால் தப்பு. தரை கழுவியிருந்தது. பிள்ளைகளுக்குத் தலை வாரியிருந்தது. தொழுவத்தில் பசு இருந்தது. சாமியார் அடுப்படியைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார், படுக்கிற இடத்தைப் பார்த்தார். கடைசியில், "இறந்த பிள்ளைகளை எங்கே புதைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பெரிய சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க இன்னா புள்ள புடிக்கிறவங்களா சாமி?" என்றார். ஆனால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாமரத்தடியில் சின்னச் சிலுவைகள், ஒவ்வொன்றிலும் பெயர். சாமியார் குனிந்து எல்லாப் பெயரையும் வாசித்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்துக் கை கூப்பினார். "தாயே, நீங்கள் நல்லவர்கள். இது அந்த இடம் இல்லை. எனக்குத் தெரிகிறது. என் உடம்புக்குத்தான் தெரியவில்லை."

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "சாமி, நான் இன்னா பண்ணட்டும்? வுட்டுட்டு வரட்டுமா, இட்டுகினு வரட்டுமா?"

அவர் சொன்னது: "நான் சொல்ல மாட்டேன் அம்மா. சொன்னால் நீங்கள் கேட்டுவிடுவீர்கள். அதனால்தான்."

எனக்குக் கோபம் வந்தது. வேனை மறித்தவர், வழி சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று. புஷ்பம் பசுவுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். அங்கேயே விட்டிருக்கலாம், அவளுக்கு வேளைக்குச் சோறு கிடைத்திருக்கும். கையைப் பிடித்தபடியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வாசலில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "இட்டாந்துட்டியா மகராசி! போ, நாளைக்கு நீ குடோனுக்கு, நான் கப்பலுக்கு. இத்த யாரு பாத்துக்குவா? தோ நிக்கிறாரே, இவரா?" என்றார். பின்னால் நின்ற சாமியார், "ஆமாம், நான்தான்" என்றார். என் வீட்டுக்காரர் திறந்த வாயை மூடாமல் அவரையே பார்த்தார். பாத்துமாக்கா ஜன்னலில் இருந்து, "அந்தோணி, வாய மூடுய்யா, ஈ பூந்துடப் போவுது" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். காலையில் நான் வேலைக்குப் போகும்போது கோயிலில் விடுவேன். சாக்குப் பை புஷ்பம் கையில், கித்தான் பை அவர் கையில். மிச்சம் இருந்த கையால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். காசிமேட்டுக் குப்பத்துக்கு, திருவொற்றியூருக்கு, யார் வீட்டில் நோய் என்றாலும் இரண்டு பேரும்தான் போவார்கள். அவர் ஜெபம் சொல்வார், அவள் விசிறுவாள். புஷ்பத்துக்குப் பூசையில் நன்மை அப்பம் கொடுக்க உபதேசியார் ஒத்துக்கொள்ளவில்லை. "பரமண்டல மந்திரம் ஒரு வரி தெரியாது சாமி, அது அப்பமா, பொரியா, இன்னா தெரியும் அதுக்கு?" என்றார். சாமியார், "சூசை, யார் கொடுத்தாலும் அவள் பாதியைப் பிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறாள். உமக்கும் எனக்கும் மந்திரம் தெரியும்" என்றார். அந்த ஞாயிறே கொடுத்துவிட்டார். உபதேசியார் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

நம் பேச்சும் அவருக்கு அவளோடு சுற்றித்தான் வந்தது. குப்பத்துப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் என்னிடம், "இன்னாம்மா மேரி, இன்றைக்கு வேலை பேஜாராக இருந்ததா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் புஷ்பமும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

சாயங்காலம் ரயில் வந்தால் அவள் கையை அவர் கீழே இழுப்பதில்லை. பிடித்திருந்த கையை விட்டுவிடுவார். அவள் ஆட்டி முடிக்கிறவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கையைப் பிடித்துக்கொள்வார். அவர் மட்டும் ஆட்டினதில்லை, ஒரு நாளும்.

போன மாதம் மார்ச்சளி முற்றிவிட்டது. டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டி கோயில் வாசலுக்கு வந்தது. நீங்களும் நின்றீர்கள். ஸ்ட்ரெச்சரில் அவரைக் கொண்டுவந்தபோது இரண்டு கையும் வெறுமையாகக் கிடந்தன. அப்படி நான் பார்த்ததில்லை. அவரை உள்ளே வைத்தார்கள். புஷ்பம் சாக்குப் பையோடு என் பக்கத்தில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள், வழக்கம்போலக் கை ஆட்டினாள். எனக்குப் பதறிப்போய்விட்டது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் உள்ளே படுத்திருந்தவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். ஆசீர்வாதம் என்றுதான் உங்களில் பலர் முழங்காலில் விழுந்தீர்கள். அவர் சிலுவை போடவில்லை. கிட்ட நின்ற நான் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கதவு மூடும்வரை ஆட்டினார்.

கித்தான் பை, எண்ணெய், புத்தகம் எல்லாம் கோயிலில் இருக்கிறது. சாக்குப் பை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவரை அடக்கம் பண்ணின அன்று எடுத்துப் பார்த்தேன். உள்ளே அந்தச் செங்கல் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. புஷ்பம் அதைத் தூக்கிக்கொண்டு காலையில் கோயில் வாசலுக்குப் போகிறாள், வெயில் ஏறுகிறவரை நிற்கிறாள், திரும்பி வருகிறாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் செங்கல்லும், வேனில் கேட்ட கதையும்தான். கதையை இன்றைக்கு உங்களுக்கும் கொடுத்துவிட்டேன்.

இனி உங்களிடம் தனியாகத்தான் பேச வேண்டும், பைச் சாமி. கிடங்குத் தூசியில் எனக்கும் இப்போது இருமல். விஞ்ச் கம்பி அறுந்து அடித்ததில் என் வீட்டுக்காரர் கால் ஊன்ற முடியாமல் கிடக்கிறார். பாத்துமாக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. புதிதாக வந்த சாமியார் தங்கமானவர். பூந்தமல்லி ரோட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இடம் இருக்கிறதாம், அடுத்த வாரம் வேன் வருமாம். அதே நல்ல இடம்தான். மாமரத்தடிப் பெயர்களை நீங்களே வாசித்தீர்கள். வண்டி வந்ததும் புஷ்பம் கை ஆட்டிக்கொண்டுதான் ஏறுவாள். வழி சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள். அதனால் வழி கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆஸ்பத்திரி வண்டியில் படுத்துக்கொண்டு நீங்கள் கை ஆட்டினீர்களே, அது போகிறவர்களை நாம் பயப்படாமல் போக விடலாம் என்று எனக்குச் சொன்னதா, இல்லை, அவள் ஆட்டினாள் என்பதற்காக ஆட்டினது மட்டும்தானா?